முட்டைக்கோஸைத் தின்ற ஆடுகள்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. அடுப்பில் ஊறுகாய்க்கு வினிகர் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே தொப், தொப் என்று கேட்டது. எதிர்வீட்டு ராத்கா பரங்கிக்காய் பிளக்கிறாள் போலிருக்கிறது என்று ஜன்னல் துணியை விலக்கினேன். பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வினிகர் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

(ராத்கா என்பது நான் வைத்த பெயர். அடுத்து வரும் வெலிச்கோவும் அப்படியே. பால்கன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர் கைக்குட்டை அளவுதான். பெயரை மாற்றினாலும் யாரும் ஏமாறப்போவதில்லை. ஒரு மரியாதைக்கு மாற்றியிருக்கிறேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: “இலையுதிர்காலத்தின் பொன்னொளியில் தோட்டம்…”

அடித்துவிட்டேன். அன்று பொன்னும் இல்லை, ஒளியும் இல்லை. வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது.

இரண்டாவது: “அந்த அக்ரூட் மரம் மட்டும் இல்லாவிட்டால்…”

இது தேவலை. மரம் ராத்காவின் அடுத்த வீட்டு வெலிச்கோவுடையது, கிளை அவள் பக்கம். அக்ரூட் நிழல் விழுந்தால் தக்காளி நோஞ்சானாகிவிடும். வெட்டச் சொன்னாள். “நான் செத்தப்புறம் வெட்டிக்கோ” என்றார். வசந்தத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. பேச்சுவார்த்தை இல்லையே தவிர பேச்சு இருந்தது. அவள் தன் ஆடுகளிடம் பேசுவாள், அவர் தன் நாயிடம்.

“அந்தப் பக்கம் போகாதீங்கடி! அங்க மனுசங்களைவிட மரம்தான் ஒசத்தி.”

“டேய் ஷாரோ, கேட்டியா? தக்காளி வாடினா மரம்தான் காரணமாம். அந்த அம்மாவுக்கு மூட்டு வலிச்சாலும் மரம்தான்.”

நான் இதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவேன். சிரிப்பாக இருக்கும். இப்படிப் போய் முடியும் என்று யார் கண்டது!

3

ராத்காவின் கணவன் ஸ்தாமெனுக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன். பார்த்துவரக் காலை பஸ்ஸிலேயே போய்விட்டாள். மத்தியானம் ரேடியோவில் சொன்னார்கள்: இன்றிரவு இந்தப் பருவத்தின் முதல் உறைபனி. அவளுக்கும் அங்கே காதில் விழுந்திருக்கிறது. பழைய படுக்கை விரிப்புகளால் தக்காளியை மூடிவிடலாம் என்று கடைசி பஸ்ஸில் பதறியடித்து வந்தாள்.

தோட்டத்தில் ஒரு செடிகூட இல்லை. குச்சிகள் மட்டும் நின்றன. வேரோடு பிடுங்கியிருந்தது. பாத்தி முழுக்கக் குழி குழியாக இருந்தது.

வேலிக்கு அந்தப்பக்கம் வெலிச்கோவின் முட்டைக்கோஸ்கள் கொழுத்து உட்கார்ந்திருந்தன. உறைபனி ஒருதரம் கடித்தால்தான் இனிப்பு ஏறும் என்று நாங்கள் யாரும் அதற்குமுன் பறிப்பதில்லை. பிறகு உப்புத் தண்ணீர் ஊற்றிப் பீப்பாயில் புளிக்கவைப்போம். தனியாளான அவருக்குக் குளிர்காலம் முழுக்க அந்தப் பீப்பாய்தான் சோறு. அவர் அந்நேரம் கடைத்தெருவில் சீட்டாடிக்கொண்டிருந்தார்.

ராத்கா மண்வெட்டியை எடுத்தாள்.

இந்த இடத்தில் நான் அவளைத் தடுத்துப் பார்த்தேன். ஒரு வரைவில் மண்வெட்டியின் காம்பு உடைகிறது. இன்னொன்றில் மழை. இன்னொன்றில் நானே ஓடிப்போய் அவள் கையைப் பிடிக்

வேண்டாம். நான் ஜன்னலில்தான் நின்றேன். அவள் வெட்டினாள். ஒன்று விடாமல் வெட்டினாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. வெட்டி முடித்ததும் ஒரு வாய் ராக்கியாச் சாராயம் குடிக்கலாம் என்று வீட்டின் பூட்டாத நிலவறைக்கு இறங்கினாள்.

உத்தரம் நெடுகத் தக்காளிச் செடிகள் தலைகீழாகத் தொங்கின. வேர் மேலே, காய் கீழே. கொடிகட்டும் நாரால் ஒவ்வொன்றாகக் கட்டியிருந்தது. மண் உதிர்ந்தால் தரை கெடுமே என்று கீழே செய்தித்தாள் விரித்திருந்தது.

எங்கள் ஊரில் உறைபனிக்கு முன்னால் எல்லோரும் செய்வதுதான் அது. அப்படித் தொங்கவிட்டால் பச்சைக்காய் கிறிஸ்துமஸ் வரை மெல்லப் பழுக்கும். அவளே வருஷாவருஷம் செய்திருக்கிறாள். இந்த வருஷம் வெலிச்கோ செய்துவைத்திருக்கிறார்.

(பிறகு ஏன் முதலிலேயே நிலவறைக்குப் போய்ப் பார்க்கவில்லை? இந்தக் கேள்வியில் கதை கிழிகிறது, தெரியும். நான் தைத்துப் பார்த்தேன், தையல் நிற்கவில்லை. பகையாளி நம் செடியைப் பிடுங்கினால் நம் நன்மைக்குப் பிடுங்கியிருப்பான் என்று உங்களுக்குத் தோன்றுமா? எனக்குத் தோன்றாது.)

4

என் சமையலறைக்குள் சேற்றுக்காலோடு வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“நேவெனா, ஆடுகளை அந்தப் பக்கம் விட்டுட்டேன்.”

“எதுக்குடி?”

“ஆடு தின்னதா இருக்கட்டும். நீ ஒண்ணும் பாக்கல.”

“ராத்கா, நான் பார்த்தேன்டி.”

“ஐயோ, பாக்கலன்னு சொல்லேன்டி!”

விடிந்தபோது பனி சர்க்கரை தூவியதுபோல் கிடந்தது. வெலிச்கோ தோட்டத்தில் ஆடுகள் இலைக் குவியலுக்கு நடுவே வயிறு புடைக்க நின்றன. இனி பெரிய சண்டை ஆரம்பிக்கும் என்று கதவோரம் போனேன். அவர் ஒரு சூரியகாந்தி எண்ணெய் பாட்டிலோடு வந்தார். ஒரு ஆட்டை முழங்காலுக்கு இடையே இடுக்கி, வாயைத் திறந்து எண்ணெய் ஊற்றினார். வயிற்றை நீவினார்.

“ராத்கா! ஏம்மா ராத்கா!” மாதக்கணக்குக்குப் பிறகு அவளிடமே பேசினார். “பயப்படாத, ஏப்பம் விட்டுருச்சு. இவ்வளவு கோஸ் தின்னா வயிறு ஊதிச் செத்துப்போகும், தெரியுமில்ல?”

அவள் வேலியோரம் வந்து நின்றாள்.

“தப்பு என்னுதுதான். வேலி ஓட்டைய இந்தா அடைக்கிறேன் இந்தா அடைக்கிறேன்னு விட்டுட்டேன். ஸ்தாமென் எப்படி இருக்கான்?”

“நல்லா… நல்லா இருக்காரு. அண்ணே, தக்காளி…”

“அதுவா? தக்காளி என்ன பாவம் பண்ணுச்சு? சண்டை நமக்குள்ளதான.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

5

ராத்கா மறுபடி வந்தாள்.

“சனிக்கிழமை வாசகசாலையில வாசிக்கக் கதை தேடிட்டிருந்தியே. இத எழுது.”

“ஆடு தின்னதாவா?”

“இல்ல. உள்ளபடியே எழுது. நேர்ல சொல்லிரலாம்னு அவர் வீட்டுக்குப் போனேன்டி. கதவத் திறந்ததும் ‘ஆடுக எப்படி இருக்கு’ன்னாரு. ‘நல்லா இருக்கு’ன்னுட்டு வந்துட்டேன். என் வாயால வரமாட்டேங்குது.”

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஆடுதான் தின்றது. எல்லோரும் சிரிக்கிறார்கள். ராத்காவும் சிரிக்கிறாள், சாகும்வரை அந்தச் சிரிப்பைச் சிரிக்கிறாள்.

(ஆ) அவர் மன்னிக்கிறார், அக்ரூட் மரத்தையும் வெட்டுகிறார். எழுதிய எனக்கே வெட்கமாக இருந்தது.

(இ) அவர் எழுந்து

இதற்குமேல் என்னால் முடியவில்லை. இந்த முடிவு என்னுடையது இல்லை. வாசகரே, உங்களுடையது. வாசகர் என்று பொதுவாகச் சொல்லி என்ன பயன்? வாசகசாலையின் முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் உங்களைத்தான் சொல்கிறேன், அண்ணே. உங்கள் பெயர் வெலிச்கோ இல்லை. நாயின் பெயரை மட்டும் நான் மாற்றவில்லை.

இன்னும் ஒன்று கேட்கவேண்டும். ஆடு கடித்த தண்டு நார்நாராகக் கிழிந்திருக்கும். மண்வெட்டி வெட்டிய தண்டு வழவழவென்று இருக்கும். இது எனக்கே தெரியும். ஆடுகளை அவள் பக்கம் திருப்பி ஓட்டிவிட்ட அன்று காலையிலேயே, ஊரில் யாரும் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, அத்தனை தண்டையும் நீங்கள் பிடுங்கிக் குழியில் போட்டு மண் தள்ளினீர்கள். நான் ஜன்னலில் நின்றுதான் பார்த்தேன்.

அண்ணே, நீங்கள் அந்தத் தண்டுகளின் வெட்டைப் பார்த்தீர்களா, இல்லையா?

அவள் உங்கள் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், உங்களுக்கு நன்றாகக் காது கேட்கிற பக்கம். நான் தாளை மடித்துவிட்டேன்.