இடது பக்கம் காலி

எங்கள் வீட்டின் இடது பாதியில் எதுவும் கிடையாது. அது வாசகம் வைப்பதற்கான இடம்.

கட்டில், பீரோ, அடுப்பு, என் மனைவி செண்பகம், நான் எல்லாம் வலது பாதியில் இருக்கிறோம். சோற்றுத் தட்டை எடுக்க வேண்டுமென்றால் கட்டிலின் மேல் ஏறி இறங்க வேண்டும். பழகிவிட்டது என்று செண்பகம் சொல்வாள். பொய்.

நான் புகைப்படக்காரன். கல்யாணங்களுக்குப் போவதில்லை. யாருக்கு எப்போது உதவும் என்று தெரியாத படங்களை எடுத்து, இணையத்தில் விற்கிற ஒரு கம்பெனியிடம் கொடுத்து வைப்பேன். விளம்பரம் போடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் ஆளை வலது ஓரமாக நிறுத்தி, இடது பக்கத்தைக் காலியாக விட வேண்டும். வாங்குகிறவர் தன் வாசகத்தை எங்கே எழுதுவார்? அந்தப் பழக்கம் மெதுவாக வீட்டுக்கும் வந்துவிட்டது.

என் படங்களில் அதிகம் விற்பது, செண்பகம் ஒரு புடலங்காயைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது. புடலங்காயைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் புடலங்காய் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வாடவில்லை. படம் வாங்குகிறவர் வரும்போதெல்லாம் செண்பகம் அதை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்று சிரிக்க வேண்டும்.

முன்பெல்லாம் வாங்குகிறவர் கதவைத் தட்டுவார். தகரத்தில் செய்த எழுத்துகளைத் தோளில் சுமந்து வந்து, "இதை வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்பார். பிடித்திருந்தால் சரி என்போம். கந்து வட்டிக்காரர் ஒருவரை வாசலோடு அனுப்பியிருக்கிறோம். பார்த்துத்தான் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் வைத்த வாசகம் நடந்துவிடும். ஒருவர் 'ஊட்டியில் உங்களுக்கொரு மனை' என்று வைத்தபோது, ஈரோட்டுச் சித்திரை வெயிலில் நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பிறகு கம்பெனி சந்தா முறைக்கு மாறியது. எங்களைக் கேட்கவில்லை. மாதாமாதம் கம்பெனியிடம் சந்தா கட்டிவிட்டால் போதும், யார் வீட்டுப் படத்தை வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டுச் சாவியையும் கம்பெனியே போட்டுக் கொடுத்துவிட்டது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

தேவைப்பட்டவர்கள் வந்தார்கள். தேவைப்படாதவர்களும் வந்தார்கள். சந்தா கட்டியாகிவிட்டது, சும்மா இருந்தால் நஷ்டம் என்றார்கள்.

ஒருவர் 'மூலத்துக்கு முற்றுப்புள்ளி' என்று வைத்தார். எங்கள் இருவருக்கும் மூலம் இருந்ததில்லை. முற்றுப்புள்ளி வைப்பதற்காக முதலில் அது வந்தது.

"இதுக்கு நான் எதுக்குங்க சிரிக்கோணும்?" என்றாள் செண்பகம், நின்றுகொண்டே.

"சந்தாவுல சிரிப்பும் சேர்த்தித்தானுங்க," என்றார் அவர்.

அடுத்த வாரம் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு காப்பீட்டுக்காரர் வந்தார். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். எழுத்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒரு கண்ணை மூடி நேர் பார்த்தார். 'கணவர் போனாலும் கவலை இல்லை.'

"இது வேண்டாமுங்க," என்றாள் செண்பகம். "எங்கூட்டுக்காரரு இங்கதான நிக்கறாரு."

"வாசகத்துல இல்லீங்களே மேடம். சிரிங்க."

நான் இறந்துபோனேன். வலி ஒன்றும் இல்லை. எழுத்துகளின் அடி தரையோடு பதிந்துகொண்டது. ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

பக்கத்து வீட்டு நாச்சிமுத்து அண்ணன் சாமியானாவோடு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

"மனசத் தேத்திக்க கொழந்தவேலு. உன்னையாட்ட ஒரு மனுசன் இனி கெடைக்க மாட்டான்."

"சரிங்கண்ணா."

"எப்ப எடுக்கறாங்க?"

"தெரியலீங்கண்ணா."

"அந்தக் கம்பத்தக் கொஞ்சம் பிடி."

நான் பிடித்தேன். எனக்குச் சாமியானா கட்டி முடித்தோம். உள்ளே போனால் செண்பகம் புடலங்காயோடு நின்றுகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாய் மட்டும் சிரித்தபடி இருந்தது. மூட முடியவில்லை. படம் அப்படி.

"வாய் வலிக்குதுங்க," என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. செத்தது போகட்டும். நான் செத்ததற்கு அவளைச் சிரிக்க வைத்தது எந்த ஊர் நியாயம்? சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினேன்.

கம்பெனியில் சந்தாதாரர்களுக்குத் தெருவிலேயே கதவு இருந்தது. படம் எடுப்பவர்களுக்கு ஒரு நடைபாதை. நடக்க நடக்க நீண்டது. வழியில் கைகுலுக்கும் படம் எடுத்து விற்ற ஒருவர் சுவரில் சாய்ந்திருந்தார். வலது கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது.

"நாளெல்லாம் குலுக்கறாங்க," என்றார். "எதுக்குன்னு கேட்டா, சும்மாதாங்கறாங்க."

மேலாளர் அம்மாள் அறையின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மேசையின் இடது பாதி காலியாக இருந்தது. ஓர் ஆள் ஒரு ரூபாய்க் காசை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். விழுந்த பொடியைத் திருநீறு போலத் தாளில் மடித்து மேலாளர் என்னிடம் நீட்டினார்.

"உங்க பங்கு. நெறையப் பேரு எடுக்கறாங்க. எடுக்க எடுக்கப் பொடி நைசாகும்."

"அந்த வாசகத்த எடுக்கச் சொல்லுங்க."

"யாரு வாசகம்?"

"நான் செத்துட்டேன்னு வெச்சிருக்காங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படீன்னா செத்தவருதான். செத்தவங்க புகார எடுத்துக்கற வழக்கம் இல்லீங்க."

"என் படத்தையாவது திருப்பிக் குடுங்க."

"படம் உங்களுதுதான். தாராளமா எடுத்துக்கலாம். ஏற்கெனவே எடுத்தவங்களுக்கு அது எப்பவும் உண்டு. இன்னும் எடுக்கப் போறவங்களும் கட்டிட்டாங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு பண்ணுங்க. வலது பாதியையும் காலி பண்ணிக் குடுத்துருங்க. உங்க படத்த மொதல் பக்கத்துல போடறோம்."

"நாங்க எங்க இருக்கறது?"

"அதுக்குத்தான் சந்தா கட்டிக்கலாமே."

நான் பொடித் தாளைப் பிரித்தேன். பலமாக ஊதினேன். மேலாளர் அம்மாள் தும்மினார். அரம் ராவியவரும் தும்மினார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். திரும்பும்போது நடைபாதை ஒரே எட்டில் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலை இடது பாதிக்கு இழுத்தேன். இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு முக்காலிகூடப் போட்டதில்லை. செண்பகம் புடலங்காயோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வாசகத்துக்கு வேணுமுங்களே."

"வேண்டாம்," என்றேன்.

மூல வாசகத்தின் மேல் என் ஈர வேட்டியைக் காயப்போட்டேன். காப்பீட்டு வாசகத்துக்கு முன்னால் கட்டிலைப் போட்டு, எழுத்துகளை மறைத்துக்கொண்டு குறுக்கே படுத்தேன். இடது பக்கத்தில் ஜன்னல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. நல்ல காற்று வந்தது.

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. புதிய சந்தாதாரர் ஒருவர் தகர எழுத்துகளைச் சுமந்தபடி உள்ளே வந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

"சார், கொஞ்சம் நகருங்க. இடம் வேணும்."

"முடியாது."

"சந்தா கட்டியிருக்கனுங்க."

"இருக்கட்டும். நான் செத்தவன். உங்க ஆளுங்கதான் சொன்னாங்க. செத்தவன் தானா நகர மாட்டான்."

அவர் எழுத்துகளை இறக்கி வைத்தார். என் கால்களைப் பிடித்து இழுத்தார். நான் கனமாக இருந்தேன். தலைமாட்டுக்கு வந்து தோளைப் பிடித்துப் பார்த்தார். அவர் சட்டையின் இஸ்திரி கலைந்ததுதான் மிச்சம்.

"நாலு பேரு வேணும்," என்றேன். "ஊரு வழக்கம் தெரியாதுங்களா?"

அவர் கைபேசியில் சந்தா விதிகளைத் தேடினார். வெகுநேரம் படித்தார். முகம் தொங்கிப்போனது.

"ஒரு சந்தாவுக்கு ஒரு ஆளுக்குத்தானுங்க அனுமதி."

"அப்படீன்னா கஷ்டம்தான்."

"அப்ப நாங்க எங்கதானுங்க எழுதறது?"

"உங்க ஊட்டுல இடது பக்கம் இல்லீங்களா?"

அவர் அதை யோசித்துப் பார்த்ததே இல்லை போலிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் எழுத்துகளோடு வந்து நின்றார்கள். ஆளுக்கொரு சந்தா. சேர்ந்து தூக்க விதியில் இடமில்லை. சாமியானாவின் நிழலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செண்பகத்தின் வாய் மூடிக்கொண்டது. தாடையைத் தடவிவிட்டுக்கொண்டாள். பிறகு அரிவாள்மனையை எடுத்து இடது பாதியில், ஜன்னலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். புடலங்காயை நீளவாக்கில் பிளந்தாள். உள்ளே எல்லாப் புடலங்காய்க்கும் இருக்கிற விதைதான் இருந்தது.

"பொரியலா கூட்டுங்களா?" என்று கேட்டாள்.

"கூட்டு," என்றேன். இறந்தவனுக்கு நல்ல பசி.