உயிர் இருக்கிற பெட்டி

செல்போன் ரிப்பேர்காரர் தன் கடை வாசலில் இரண்டு அட்டைப்பெட்டிகள் வைத்திருந்தார். ஒன்றில் ‘உயிர் இருக்கு’, இன்னொன்றில் ‘உயிர் இல்ல’ என்று தடித்த பேனாவால் எழுதியிருந்தது. கட்டடத்தில் இருக்கிறவர்களின் பழைய போன்களைத் திரட்டி விற்று, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. எந்தப் போனையும் சார்ஜரில் மாட்டி நாடி பார்க்காமல் பெட்டியில் போட மாட்டார் மனுஷன்.

“இது செத்து ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே. நேரா அந்தப் பெட்டியில போட்டுருங்க,” என்றாள் மேல்மாடித் தையல்காரி.

“டாக்டர் நானா நீயா? வச்சிட்டுப் போம்மா.”

செத்த போன்தானே என்று அதிலிருந்த எதையும் அவள் அழித்திருக்கவில்லை. அங்கேதான் பிசகிப்போனது.

அந்த ஆஸ்பத்திரிக்கு அவள் வாய்விட்டு ஒரு நன்றி சொன்னதில்லை. சொல்ல முடியாது. ரெண்டு வருஷத்துக்கு முன் மகளின் இதயத்தில் இருந்த ஓட்டையை அங்கேதான் அடைத்தார்கள். வீட்டின் நாலு சுவரைத் தாண்டி அது யாருக்கும் தெரியக்கூடாது என்பது, எதிர் மெஷினில் அவளோடு தைக்கிற நாத்தனார் போட்ட சட்டம். “பொம்பளப் புள்ள. நெஞ்சுல தையல்னு தெரிஞ்சா நாளைக்கு எவன்டி வருவான்?” பள்ளிக்கூடத்துக்கு டைபாய்டு என்று ஒரு பொய், கட்டடத்துக்கு மாமா வீட்டில் லீவு என்று இன்னொரு பொய். அதற்கப்புறம் மகளுக்குத் தைத்த சட்டை எல்லாமே கழுத்துவரை பட்டன். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் ஆசைக்கு ஆசையாய்க் கழுத்து இறக்கித் தைக்கிற கை, பெற்ற பிள்ளையின் கழுத்தை மட்டும் நெரித்தது. வெயில் காலத்தில் குழந்தை வேர்க்குருவைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும். அதையும் பார்த்துக்கொண்டு இருந்தாளே, அவளும் ஒரு தாய்.

நாலு மணிக்குக் கீழேயிருந்து சத்தம் வந்தது. “தையக்காரம்மா! உயிர் வந்துருச்சு!”

இறங்கிப் போனால், ஜெராக்ஸ் கடைக்காரியும் டீக்கடைக்காரரும் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் ஆஸ்பத்திரிக் கட்டில். கழுத்துக்குக் கீழே பெரிய கட்டு. அதற்கு மேலே நாக்கைத் துருத்திக்கொண்டு அவள் மகள். அந்தப் படத்தை முகப்பில் வைத்ததே அந்த வாலுதான்.

“யாரும்மா இது? உன் பொண்ணு மாதிரி இருக்கே?”

நூல்கண்டு வாங்கக் கீழே வந்திருந்த நாத்தனார் முந்திக்கொண்டாள். “எவளோ! அது பழசா வாங்கின போனு. எங்க வீட்டுப் புள்ளையே இல்ல.”

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையோடு படியருகே நின்றிருந்தாள். அத்தை சொன்னது காதில் விழுந்துவிட்டது. அவள் கை தன்னால் காலர் பட்டனுக்குப் போயிற்று.

ரெண்டு வருஷமாக எத்தனையோ பொய்யைத் தண்ணீர்போல் விழுங்கிய தையல்காரிக்கு இந்த ஒன்று தொண்டையில் நின்றுவிட்டது.

“என் பொண்ணுதான்,” என்றாள். “நெஞ்சைத் திறந்து மூடினாங்க. அந்த ஆஸ்பத்திரியிலதான். இப்ப என்ன?”

“வாய மூடுடி!”

“மூடி மூடித்தான் அண்ணி புள்ள கழுத்து புண்ணா கெடக்கு. நான் என்ன திருடிட்டா வந்தேன்? பொழைக்காதுன்னு சொன்ன புள்ளையத் தூக்கிட்டு வந்திருக்கேன். தமுக்கடிச்சே சொல்லுவேன்.”

“நாளைக்கு எவனாவது வேணாம்னு சொன்னா?”

“சொல்றவன் இப்பவே சொல்லிட்டுப் போகட்டும். தேடுற வேலை மிச்சம்.”

ஜெராக்ஸ் கடைக்காரி ‘அச்சச்சோ’ என்று உச்சுக்கொட்டினாள். “கொட்டாதீங்கக்கா. ஓடிப் பாருங்க அவகூட, உங்களுக்குத்தான் மூச்சு வாங்கும்,” என்றாள் தையல்காரி.

ரிப்பேர்காரர் தொண்டையைச் செருமினார். “அழிச்சிரவாம்மா?”

“படத்தை என் போனுக்கு அனுப்பிட்டு அழிங்க. அப்புறம் அந்தப் பெட்டியில போடுங்க.” உயிர் இருக்கிற பெட்டியைக் காட்டினாள்.

மகளோடு மேலே வந்ததும், அவளுக்காக வெட்டி வைத்திருந்த நீலச் சட்டையை மேஜையில் விரித்தாள். குத்தி வைத்திருந்த காலரைப் பிடுங்கி எறிந்தாள். நாத்தனார் எதிர் மெஷினில் வந்து உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டன் தைத்தாள். கழுத்துக்கு இரண்டு விரற்கடை கீழே சாக்பீஸால் வளைவு போட்டாள் அம்மா.

“இன்னும் இறக்கும்மா.”

துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். மகள் தன் மேல் பட்டனைக் கழற்றி, தழும்பு தொடங்கும் இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, குனிந்து துணியைப் பார்த்தாள். எதிர் மெஷினில் ஊசி நின்றிருந்தது.

“ம்ஹூம். இன்னும்.”

சாக்பீஸ் கீழே இறங்கியது.