சூட்டுப்பெட்டியில் பத்து வரிசை

தினமும் மாலை ஐந்து மணிக்கு வைகுண்டராஜ் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொட்டினார். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர் அவர். பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரைக் குழிவான கண்ணாடித் தகடுகளில், வைக்கோலை வேகவைத்து வடித்த நீரில் வளர்த்தார். நேற்று விட்ட ஒன்று இன்று நான்காகவோ எட்டாகவோ பிரிந்திருக்கும். எண்ணி நோட்டில் எழுதிவிட்டு, மயிரிழையாக இழுத்த கண்ணாடிக் குழாயால் ஒன்றை மட்டும் உறிஞ்சிப் புதுத் தகட்டில் விடுவார்.

ஒரே செல்லிலிருந்து கிளைத்த இருபது வம்ச வரிசைகள். பத்து, ஈர மணல் தட்டில் இருபத்தைந்து டிகிரியில் இருந்தன. பத்து, சூட்டுப்பெட்டியில் முப்பத்திரண்டில். துணை சேராமல் பிரிந்துகொண்டே போகும் வரிசை ஒருநாள் மூப்படைந்து அற்றுப்போகும். சூட்டில் வளர்வது எத்தனை நாள் முன்னதாக அறும் என்பதுதான் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. முந்தைய இரண்டு முயற்சிகளை மின்வெட்டு கெடுத்திருந்தது. பல்கலைக்கழகம் கடைசியாக நீட்டித்த கெடு 1992 மார்ச்சோடு முடிகிறது. அதன்பின் பதிவு ரத்து.

குழாய்களைச் சுடரில் காட்டி இழுத்துத் தருபவர் ஆய்வுக்கூட உதவியாளர் மலைச்சாமி. சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவர், வைகுண்டராஜைவிடப் பத்து வயது மூத்தவர். "பூச்சிக்குப் பெட்டி வச்சு சூடு பாக்குறீய. எனக்கு ஒரு ஃபேனுக்கு எழுதிப் போட மாட்டேங்கீயளே" என்பார்.

நவம்பரில், முந்நூறு நாள் தாண்டியபோது, சூட்டுப்பெட்டி வரிசைகள் தளர்ந்தன. எட்டாகப் பிரிந்தவை இரண்டோடு நின்றன. அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வைகுண்டராஜின் அப்பா இறந்துபோனார். கொள்ளி வைத்த மூத்த மகன் பதினாறாம் நாள் கருமாதி முடியாமல் வேலைக்குப் போகக் கூடாது.

மலைச்சாமி மறுநாளே துக்கம் கேட்க வந்தார். "நான் பாத்துக்கிடுதேன் சார். எண்ணணும், ஒண்ண எடுத்து விடணும், எழுதணும். அம்புட்டுதான?"

"அம்புட்டுதான் அண்ணாச்சி. ஒருநாள்கூட விட்டுறாதீய."

"சாக விட்டுருவேனா?"

அப்போது வன்னியம்பட்டி உறவுக்காரர்கள் அழுதுகொண்டே உள்ளே வந்தார்கள். வைகுண்டராஜ் எழுந்து போனார். பிறகு மூன்று முறை மலைச்சாமி வந்தார். மூன்று முறையும் "எல்லாம் சௌக்கியம் சார்" என்றார்.

பதினேழாம் நாள் வைகுண்டராஜ் நோட்டைத் திறந்தார். ஒருநாளும் விடுபடவில்லை. ஆனால் சூட்டுப்பெட்டி வரிசைகள் மறுபடியும் நான்கு, எட்டு என்று ஏறியிருந்தன. தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். இரண்டு செல்கள் வாயோடு வாய் ஒட்டி நீந்திக்கொண்டிருந்தன. அடுத்த தகட்டிலும் அப்படியே. அவருடைய வரிசைகள் எல்லாம் ஒரே செல்லின் வழிவந்தவை, இந்த ஒரு வருடத்தில் ஒருமுறைகூட அவை ஜோடி சேர்ந்ததில்லை.

"அண்ணாச்சி, இது எங்க உள்ளது?"

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த மலைச்சாமியின் கை நின்றது.

"நாலாம் நாளே ஒண்ணு போச்சு சார். பொறவு ஒவ்வொண்ணாப் பத்தும் போச்சு. பயலுவளுக்குக் காட்ட வச்சிருக்கோம்லா, பிளவக்கல் அணைத் தண்ணி ஜாடி, அதுல இருந்து எடுத்து விட்டேன். அதுவும் பாரமீசியந்தான?"

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா?"

"கேதம் விழுந்த வீட்டுக்கு வந்து இன்னொரு சாவச் சொல்லவா? எங்க ஊர்ல எதிராளிகூடச் சொல்ல மாட்டான் சார்."

"அது சாகுத நாளுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

மலைச்சாமிக்கு விளங்கவில்லை. "நீங்க வளக்குறீயன்னுல்லா நெனச்சேன்" என்றார். ஆறு வருடமாகக் குழாய் இழுத்துத் தருபவருக்கு அது எதற்கென்று யாரும் சொன்னதில்லை.

மணல் தட்டில் பத்தும் உயிரோடு இருந்தன. ஒப்பிடத்தான் எதுவும் இல்லை. மார்ச் முடிய நான்கு மாதம்கூடக் கிடையாது, புது வரிசைக்கு ஒரு வருடம் வேண்டும்.

வைகுண்டராஜ் பேனாவைத் திறந்தார். "எது எது எந்த நாள் போச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணாம் நம்பர் நாலாம் நாளு. ரெண்டாவது... ஆறுன்னு வைங்க. மூணு..." விரல்விட்டு எண்ணியவர் நிறுத்தி, வைகுண்டராஜின் முகத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் போயிருந்தா நல்லதா சார், லேட்டாப் போயிருந்தா நல்லதா? எதுன்னாலும் சொல்லுதேன்."

வைகுண்டராஜ் பேனாவை மூடினார்.