தலை எண்ணும் காட்சி

நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவளை நாடகக் குழுவில் எல்லாரும் டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பகலெல்லாம் அடுத்தவர் வாக்குமூலத்தை அடித்து அடித்து, மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்தத் தைரியத்தில்தான் நானூறு பக்கப் போர்க்கால நாவலை இரண்டு மணி நேர நாடகமாக எழுதிக் கொடுத்தாள்.

நாவல் முழுக்க ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் நடக்கிறது. மேலே குண்டு விழ, கீழே நாற்பத்தொரு பேர் ஒண்டிக் கிடக்கிறார்கள். இருட்டும் சாவுமாகவே போனால் ஜனம் தாங்காது என்று அவள் ஒரு காட்சியைத் தன் சொந்தச் சரக்காகச் சேர்த்திருந்தாள். காவலாள் தலை எண்ணுகிறான். ஒருமுறை நாற்பது வருகிறது, மறுமுறை நாற்பத்திரண்டு. முதலில் தன்னை எண்ண மறந்துவிடுகிறான். ஞாபகம் வந்ததும் இரண்டு தரம் எண்ணிவிடுகிறான்.

வெள்ளிக்கிழமை அந்தக் காட்சிக்கு அரங்கமே குலுங்கியது. சனிக்கிழமை ஒரு ஈ காக்கைகூடச் சிரிக்கவில்லை. ஞாயிறு மதிய ஆட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் மூக்கைச் சிந்தினார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். கடைசியில் தாய் மகனை வழியனுப்பும் காட்சிக்கு, அவள் எழுதும்போதே அழுத காட்சிக்கு, இருமல்தான் பதிலாக வந்தது.

ஒப்பனை அறையில் இயக்குநர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"சிரிக்கிற இடத்துல அழறாங்க, அழற இடத்துல இருமுறாங்க. தலையும் புரியலை, வாலும் புரியலைக்கா. அந்த எண்ணுற சீனைத் தூக்கிடலாம். அஞ்சு மணி ஆட்டத்துலயே."

"கொஞ்ச நேரம் பொறு. நாலு பேர்கிட்டக் கேட்டுட்டு வர்றேன்."

முன்கூடத்தில் ஆளுக்கொரு பேச்சாக இருந்தது. பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, "அந்த சீன்தான் உசுரு" என்றாள். அவள் கணவரோ, "சாவுல என்ன விளையாட்டு? நாவல்ல இது கிடையவே கிடையாது" என்று முகத்தைச் சுளித்தார். மருந்துக்கடைக்காரர் ஒருவர் யோசித்து யோசித்து, "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா சிரிச்சப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார். எப்படி ஆனது என்று அவள் துருவிக் கேட்டதற்கு, "அதான் தெரியலை" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். வாக்குமூலத்தில் இப்படியெல்லாம் சொன்னால் வக்கீல் விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

காற்று வாங்கலாம் என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்தால், படிக்கட்டில் அந்த மீசைக்காரர். அறுபதுக்கு மேல் இருக்கும். விரல் இடுக்குகளில் கழுவிப் போகாத கிரீஸ் கறை.

"ஐயா, இந்த நாடகம் நான் எழுதினது. பாதியில எழுந்து வந்துட்டீங்க. மனசு கஷ்டப்படற மாதிரி ஏதாவது..."

அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள்.

"சண்டை நடந்தப்ப எங்க கட்டடத்துக்கு அடியில முப்பத்தாறு பேரும்மா. எங்கப்பாதான் எண்ணுவாரு. நாங்க பசங்க வேணும்னே இடம் மாறி மாறி உக்காருவோம். அவருக்குக் கணக்கு தப்பும், மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிப்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க." விரல் இடுக்குக் கறையைத் தேய்த்துக்கொண்டார். "ஒருநாள் ஒண்ணு குறைஞ்சுது. நாங்க விளையாடறோம்னு நினைச்சு விட்டுட்டாரு. என் அண்ணன் தண்ணி எடுக்க மேல போயிருந்தான்."

தெரியாமல் எழுதிவிட்டோமே என்று நினைத்தாள்.

"மன்னிச்சிடுங்கய்யா. அதனாலதான் எழுந்து வந்தீங்களா?"

"இல்லைம்மா. சிரிப்பு வந்துடுச்சு. உங்க ஆளு முழிச்ச முழி அப்படியே எங்கப்பா முழிச்ச முழி. பக்கத்துல ஒரு அம்மா அழுதுட்டிருந்தாங்க. அவங்க முன்னாடி எப்படிச் சிரிக்கிறது?"

"அந்தக் காட்சியை எடுத்துடலாம்னு பேசிட்டிருக்கோம்."

"ஏன்?"

"என்ன பண்றதுன்னு பார்க்கறவங்களுக்குத் தெரியலை."

"எங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதா என்ன?" என்றார் அவர், சாதாரணமாக.

அவள் உள்ளே போய் இயக்குநரிடம் காட்சி இருக்கட்டும் என்றாள். ஏன் என்று கேட்டான். "இருக்கட்டும்டா" என்றாள் மறுபடி. அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டான்.

ஐந்து மணி ஆட்டத்துக்கு மீசைக்காரரை அவளே கூட்டிவந்து இரண்டாவது வரிசை ஓரத்தில் உட்கார வைத்தாள். சுவரோரமாக நின்றுகொண்டாள். காவலாள் எண்ணத் தொடங்கினான். நாற்பது. நாற்பத்திரண்டு. அரங்கம் மூச்சுக்காட்டாமல் இருந்தது. அந்த அமைதியில் அவர் ஒருவர் மட்டும் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

தலைகள் திரும்பின. முன்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் திரும்பி, "ஐயா, போர்ல செத்தவங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க" என்றாள், தன்மையாகத்தான்.

"சரிம்மா" என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தார்.

டைப்பிஸ்ட் அக்கா ஓரடி எடுத்து வைத்தாள். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் எதைச் சொல்வது? அந்தப் பெண் சொன்னதிலும் தப்பில்லையே. எடுத்து வைத்த காலோடு அவள் நிற்க, மேடையில் காவலாள் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.