ஒலிபெருக்கியில் ஒரு முயலின் நரம்பு

1

நரம்புக்குக் குரல் உண்டு என்று ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது இந்தக் கதைப் பித்து. நாம் கேளாமலே இதயத்தை விரட்டி, இரத்தக் குழாய்களை இறுக்குவது பரிவு நரம்பு. அதில் மெல்லிய கம்பியைத் தொடுத்து ஒலிபெருக்கியில் இணைத்தால் ‘ஷ்ஷ்... ஷ்ஷ்...’ என்று கேட்குமாம். வாசகரே, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை!

2

ஆய்வகத்தின் ஜன்னல் வழியே மாலை வெயில் (வேண்டாம், கொட்டாவி விடுவீர்கள்.)

ஆய்வாளர் ஒருத்தி, முயலின் தண்டுவடத்தில் துளித் தூக்க மருந்தைச் செலுத்தினாள். முயல் முன்பே ஆழ்ந்த மயக்கத்தில், பரிவு நரம்பில் கம்பியோடு இருந்தது. அதற்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்பவள் கால்நடை மருத்துவரான அவளுடைய நாத்தனார். (வேலையிடத்திலும் நாத்தனாரா என்று பரிதாபப்படாதீர்கள். இருவரும் நகமும் சதையும்.) மூளையைத் தொடாமல், தண்டுவடத்திலிருந்தே மருந்து அந்த நரம்பை அடக்குமா? அதுதான் கேள்வி. அனுமதி கிடைத்த முயல்களில் இதுவே கடைசி. பதிவு கெட்டால் ஓர் உயிரை வீணடித்தவளாவேன் என்ற பயம் அவளுக்கு.

‘ஷ்ஷ்’ தேய்ந்தது.

“அண்ணி, அடங்குது! அடங்குது!” என்று துள்ளினாள். இடுப்பு மேசையில் இடித்தது. ஒலிபெருக்கி ஊமையானது.

3

“இது மருந்தா, உன் குதியாட்டமா?” என்றாள் நாத்தனார். “கம்பி நழுவியிருந்தா?”

“லேசா சரிபண்ணிப் பாக்கட்டுமா?”

“கைய வெக்காத! கம்பிய அசைச்சா அளவே மாறிடும், பழைய பதிவோட ஒப்பிட முடியாது. மருந்து தெளிஞ்சா சத்தம் தானா வரும். நழுவின கம்பி தானா ஏறாது.”

“அதுவரைக்கும்?”

“கையக் கட்டிக்கிட்டு நில்லு. துள்ளாத, தாயே!”

(தேய்ந்த பிறகுதான் துள்ளினாள், மேலே போய்ப் பாருங்கள். ஆனால் முதல் வரைவில் இடித்ததுதான் முதலில் வந்தது. அவள்மேல் பாசம் வந்து வரிகளை மாற்றினேன். என் சாட்சி செல்லாது.)

4

முடிவு ஒன்று: ‘ஷ்ஷ்’ திரும்புகிறது, நாத்தனாரும் சேர்ந்து துள்ளி (வரியை அடித்துவிட்டேன். ஆசை கண்ணை மறைக்கிறது.)

முடிவு இரண்டு: சத்தம் வரவே இல்லை. அவள் முயலின் காதைத் தடவி (எழுதக் கை வரவில்லை.)

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நானும் பேனாவை மூடிவிட்டேன். இனி நான் தொட்டாலும் பதிவு கெட்டுவிடும்.

உங்கள் நெஞ்சு வேகமாக அடிக்கிறதா? அதை விரட்டுவதும் அதே நரம்புதான். கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்கு மிக அருகில் இருப்பது நீங்கள்தான்.

ஏதாவது கேட்கிறதா?