குடிலில் காணாமல் போன குழந்தை

நான் எழுதும் துப்பறியும் கதைகளில் யாரும் சாகமாட்டார்கள். ரத்தம், கத்தி எல்லாம் எனக்கு ஆகாது. அக்கம்பக்கத்தில் யாராவது எதையாவது மறைப்பார்கள். என் கதாநாயகி, ஓய்வுபெற்ற தாதி, பலகாரத் தட்டோடு வீடுவீடாகப் போய் வாயைக் கிளறி உண்மையைப் பிடுங்கிவிடுவாள். எங்கள் தொழிற்சாலை ஊரான பாசிர் கூடாங்கில் உட்கார்ந்து இப்படி எழுதிய ஐந்து தொடர்கள் ஞாயிறு பத்திரிகையில் வந்துவிட்டன.

இப்போது ஓடுவது ஆறாவது. கிறிஸ்துமஸ் பூசைக்குக் குடிலில் வைக்க வேண்டிய குழந்தை இயேசு சுரூபத்தைக் காணவில்லை. எடுத்தவள் பூ அலங்காரம் செய்யும் கிறிஸ்டின். கடைசி அத்தியாயத்தை நாளை அனுப்ப வேண்டும். போன தொடரில் குற்றவாளி யாரென்று வாசகர்கள் பாதியிலேயே எழுதிப் போட்டுவிட்டார்களாம். இதுவும் அப்படியானால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆசிரியர் நாசூக்காகச் சொல்லிவிட்டார்.

ஆனால் என்னிடம் ஒரு சோதனை உண்டு. முடிவை அனுப்பும் முன் என் கணவர் மரியநாதனிடம் ஆள் யாரென்று கேட்பேன். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். வாராவாரம் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, முதல் தொடரைத் தவிர மற்றதற்கெல்லாம் தப்பாகவே சொன்னவர். அவர் தப்பாகச் சொன்னால் நான் நிம்மதியாக அனுப்பிவிடுவேன். இந்த முறை பாடற்குழு கால்வின் என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அன்று சாயங்காலம் சந்தையில் ரூபினியைப் பார்த்தேன். இவருடைய பஸ்ஸில் வேலைக்குப் போகிற பெண், என் வாசகி. என் ஒவ்வொரு தொடருக்கும் பஸ்ஸில் தே தாரிக் டீக்குப் பந்தயம் நடக்கிறதென்று சொன்னாள்.

"அண்ணன் ஒரு தடவகூட தோத்ததில்லக்கா. பாதி கதையிலயே ஆள சொல்லிடுவாரு லா."

எந்த அண்ணன் என்று அசடு மாதிரி கேட்டேன். உங்க வீட்டு அண்ணன்தான் என்றாள்.

வீட்டுக்கு வந்தால் மனிதர் சாவகாசமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகவே கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"மொத கதைக்கு சரியாத்தான் சொன்னேன், பேட்ரி. அப்புறம் நீ சாப்பிடக்கூட இல்ல. எனக்கு தாங்கல."

"அப்ப இந்தத் தடவ?"

"கால்வின்னுதான் நெனச்சேன். நெஜமா."

அந்த முகத்தை உற்றுப் பார்த்தேன். என் தாதி ஒரு வாய் தேநீர் குடிப்பதற்குள் எப்பேர்ப்பட்ட முகத்தையும் படித்துவிடுவாள். என் வீட்டுக்காரர் முகம் எனக்குப் பிடிபடவில்லை.

அறைக்குள் போய் ரூபினிக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் இந்த முறை அண்ணன் யார் பேரை என்று நான் கேட்டு முடிப்பதற்குள், கால்வின்தான்க்கா, கால்வின்தான் என்றாள். அது உண்மையா, இவர் முந்திக்கொண்டு சொல்லிவைத்தாரா? கிறிஸ்டினையே மாற்றிவிடலாமா என்று பார்த்தேன். யாரைப் போட்டாலும் இவருக்குத் தெரிந்திருக்கும் என்றே தோன்றியது.

கடைசியில் கூடத்துக்கு வந்து, அத்தியாயத்தை அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன்.

"அனுப்பு பேட்ரி. முடிவு ரொம்ப நல்லா வந்திருக்கு."

அந்த அத்தியாயத்தை நான் இன்னும் அவருக்குக் காட்டவே இல்லை.