அருவியடியில் தோய்க்கிறவள்

இவளை அழிச்சாச்சு எண்டெல்லோ நினைச்சனான். இஞ்சை இருக்கிறாள்.

கௌரி நூதனசாலையின் நீண்ட அறையில் கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி நின்றாள். மகள் லக்சிகாவின் வகுப்போடு துணைக்கு வரப் பெற்றோரைக் கேட்டிருந்தார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தங்கச் சட்டத்துக்குள் ஓர் அருவி, பாறைமேல் இடிந்த வட்டக் கோயில், குடை விரித்தாற்போல் பைன் மரங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சு ஓவியர் இத்தாலிக்குப் போய் வரைந்தது என்று ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். அருவியடியில், சிவப்புப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி கல்லில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

பாரிஸ் லா சப்பலில் அவர்கள் வீட்டில், செற்றிக்கு மேலே மாட்டிய படத்திலும் இதே அருவி, இதே கோயில். அந்தக் கல்லின்மேல் மட்டும் லக்சிகா நிற்கிறாள், பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்திய வீட்டுச் சேலையும் கிரீடமுமாக. ரூ காய் தெருவில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் குணரத்தினம்தான் அல்பத்துக்கான பின்னணிகளைக் கணினியில் காட்டினார். சுவிஸ் மலையையும் துலிப் தோட்டத்தையும் எல்லாரும் போட்டு முடித்திருந்தார்கள். இது ஒருவர் வீட்டிலும் இல்லை.

"இது வடிவு அண்ணை. ஆனா உந்தத் தோய்க்கிறவளை எடுத்துவிடுங்கோ."

"ஏன் தங்கச்சி? அவள் தன்ர பாட்டில தோய்க்கிறாள். சாப்பாடும் கேக்கேல்லை."

"சனம் கதைக்கும். பிள்ளைக்குப் பக்கத்தில உது என்னத்துக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே அவளைப் பாறையால் மூடினார். கௌரிக்கு அப்போது ஆறுதலாகக்கூட இருந்தது. ஒபர்வில்லியேயில் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் தோய்க்கும் இடத்தில்தான் அவளுக்கு வேலை. சொந்தக்காரருக்கு 'ஹோட்டலில் வேலை' என்று சொல்லி வைத்திருந்தாள். லக்சிகாவும் அப்படியே சொன்னாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் கேட்டதைப் பிள்ளை சொன்னது.

படத்துப் பெண்ணின் கைகள் முழங்கைவரை சிவந்து வேறு நிறமாக இருந்தன. யாரோ ஒருவன் நின்று, அதையும் பார்த்து வரைந்திருக்கிறான். கௌரி தன் சட்டைக் கையை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டாள்.

லக்சிகா பக்கத்தில் வந்து பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டாள்: "எங்கள் படத்தில் இவள் இல்லையே. எங்கே போனாள்?"

"தெரியேல்லை."

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அதுதான் கௌரிக்குத் தாங்கவில்லை. ஓம், எதைக் கேட்கக் கூடாது என்பதையும் பிள்ளை பழகிவிட்டது.

அதற்குள், வீட்டுக்கு வந்துபோகிற லக்சிகாவின் சிநேகிதி மனோன் படத்தை அடையாளம் கண்டு கத்திவிட்டாள். ஆசிரியைக்கு ஒரே சந்தோசம். "உங்கள் வீட்டில் இருக்கிறதா, மதாம்? இருவரும் முன்னால் நில்லுங்கள், ஒரு படம் எடுக்கிறேன்." அவர் கைகாட்டிய இடம் சட்டத்தின் நடுவே, அருவியடிக்கு நேர் முன்னால். அங்கே நின்றால் தோய்க்கிறவளைத் தோள் மறைக்கும்.

"வாங்கோ அம்மா," என்று லக்சிகா தமிழில் கூப்பிட்டாள். எல்லாருக்கும் முன்னால் அவள் தமிழில் கூப்பிடுவதே அபூர்வம்.

கௌரி போய் மகளின் தோளைப் பிடித்து, மெல்லச் சட்டத்தின் ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"இதிலை நில்லு, பிள்ளை."

பிறகு ஆசிரியையைப் பார்த்து, "நான் வேண்டாம், மதாம்" என்றாள். ஆசிரியை மறுபடி கூப்பிட்டார். அவள் தலையசைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்து, தலைகளுக்கு நடுவே, சிவப்புப் பாவாடை முழுவதும் தெரிந்தது.